ஸ்கேன் எடுத்தால் மட்டும் போதுமா? பார்வையற்றோரின் வாசிப்பும் நம் பொறுப்பும்

சென்னையின் மேற்கு எல்லையில் கரையான்சாவடியும் பூந்தமல்லியும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி பூந்தமல்லியில் இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, பார்வையற்றோருக்கான மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மண்டல மையமும் இங்கேதான் உள்ளது. தமிழகத்தில் பார்வையற்றோர் கல்வி என்று பேசினால் தவிர்க்க முடியாத ஊர் இது. கையில் வெள்ளைக் கோலுடன் சாலையைக் கடக்கும் மாணவர்கள் இப்பகுதி மக்களுக்குப் புதியவர்கள் அல்லர்.

இதே வட்டாரத்தில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன, மக்தப் மதரஸாக்கள் இருக்கின்றன. பள்ளிவாசல் அலமாரிகளில் திருக்குர்ஆன் தமிழாக்கங்களும் ஹதீஸ் தொகுப்புகளும் ஃபிக்ஹு நூல்களும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பள்ளியில் படிக்கும் முஸ்லிம் மாணவர் ஒருவர் இந்த அலமாரியிலிருந்து ஒரே ஒரு நூலையாவது யாருடைய உதவியும் இல்லாமல் படிக்க முடியுமா?

"அதுதான் எல்லா நூலும் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் வருகிறதே" என்று பலரும் சொல்வார்கள். பிடிஎஃப் வருகிறது என்பது உண்மை. அதைப் பார்வையற்றவர் படிக்க முடியாது என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வேலையைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

நீதிமன்றம் எங்கே வந்து நிற்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. அணுகும் வசதி பற்றிச் சட்டம் கட்டாயமாகப் பேசினாலும், அதன்கீழ் வந்த விதிகள் வெறும் வழிகாட்டுதலாகவே இருந்தன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. விதி 15 மூலச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயம் பின்பற்ற வேண்டிய தரங்களை மூன்று மாதத்துக்குள் உருவாக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்து 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் செல்போன் வழியே அடையாளம் சரிபார்க்கும் முறை தங்களை ஒதுக்குகிறது என்பது அவர்களின் முறையீடு. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று நீதிமன்றம் அறிவித்தது.

இந்தத் தீர்ப்புகள் அரசையும் வங்கிகளையும் நோக்கியவை. ஆனால் "பார்வையற்றவருக்குப் படிக்கத் தருவது தர்மமா, அவருடைய உரிமையா?" என்ற கேள்விக்கு நாட்டின் சட்டம் விடை சொல்லிவிட்டது. நம் பள்ளிவாசல்களும் பதிப்பகங்களும் கல்வி அறக்கட்டளைகளும் அந்த விடையைத் தாங்களும் படிக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தமிழகத்தில் சுமார் 1.27 லட்சம் பேர். இவர்களில் நம் சமுதாயத்தவரும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயால் முதுமையில் பார்வை மங்கிய பெரியவர்களையும் சேர்த்தால் இது எங்கோ இருக்கும் யாருடைய பிரச்சினையோ அல்ல. நம் வீட்டு வாப்பாவும் நன்னியும் இதில் அடக்கம்.

படம் வேறு, எழுத்து வேறு

பார்வையற்றவர்கள் கணினியிலும் செல்போனிலும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக வாசித்துக் காட்டும். ஆண்ட்ராய்டு போன்களில் 'டாக்பேக்' இருக்கிறது. கணினிக்கு 'என்விடிஏ' இருக்கிறது. என்விடிஏவை 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கினார். இன்றும் அது இலவசம், தமிழும் வாசிக்கும்.

திரைவாசிப்பானுக்குத் தேவை எழுத்து. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் இருப்பதோ எழுத்தின் புகைப்படம். 400 பக்க நூலைத் திறந்தாலும் அந்த மென்பொருளுக்கு அது வெறும் வெள்ளைத் தாள்தான்.

ஸ்கேன் செய்யாமல் நேரடியாகக் கணினியில் அச்சுக்கோத்த பிடிஎஃப்பிலும் சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. கண்ணுக்கு 'தமிழ்' என்று தெரியும் சொல்லைத் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வாசிக்கும். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் டிடிபி மையங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புத்தகம் அழகாக அச்சாகி வந்துவிடும். பார்வையற்றவருக்கு மட்டும் அது பூட்டிய அறை.

ஒரு பக்கத்துக்குள் எத்தனை வேலை?

படத்தை எழுத்தாக மாற்ற எழுத்துணரி என்ற மென்பொருள் இருக்கிறது. ஓசிஆர் என்பார்கள். கூகுளிடம் இருக்கிறது, டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் தமிழுக்கென்றே ஒன்றை உருவாக்கினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் வொர்த் டிரஸ்ட், பள்ளி நூல்களை பிரெய்லுக்கு மாற்ற அதைப் பயன்படுத்தியது.

எழுத்துணரி தருவது கரடு முரடான முதல் பிரதி மட்டுமே. தமிழில் 'ர' எழுத்தும் துணைக்காலும் ஒன்றுபோலவே அச்சாகும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மங்கலான தாளில் ஒன்றாகிவிடும். 'கொடு' என்பது 'கோடு' ஆகும். புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வந்த நூல்களில் ணா, றா, னா, லை, ளை ஆகியவை பழைய வடிவில் இருக்கும். அவற்றைக் கண்டால் எழுத்துணரி இன்னும் தடுமாறும்.

எழுத்துப் பிழை திருத்திய பிறகு வடிவமைப்பு வேலை தொடங்குகிறது. இதைத்தான் பலரும் அறிவதில்லை. கண் உள்ளவர் ஒரு பக்கத்தைப் பார்த்தவுடன் இது தலைப்பு, இது அடிக்குறிப்பு, இது பக்க எண் என்று பிரித்தறிகிறார். காதால் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அச்சாகியிருக்கும் நூலின் பெயரை நீக்காவிட்டால், 400 பக்கத்திலும் வாக்கியத்தின் நடுவே அந்தப் பெயர் குறுக்கிடும். அடிக்குறிப்பு பக்கத்தின் அடியிலேயே கிடந்தால், பாதி வாக்கியத்தில் குறிப்பு புகுந்து, மறுபாதி அதன்பின் வரும். இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் இடது வரியும் வலது வரியும் கலந்துவிடும்.

தலைப்புகளைப் பெரிய எழுத்தில் போடுவது மட்டும் பயன் தராது. வேர்ட் மென்பொருளில் 'தலைப்பு 1', 'தலைப்பு 2' என்ற பாணிகளைக் கொண்டு குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால், பார்வையற்றவர் ஒரே ஒரு விசையை அழுத்தி அத்தியாயத்திலிருந்து அத்தியாயத்துக்குத் தாவ முடியும். குறிக்காவிட்டால் நோன்பின் சட்டத்தைத் தேடுபவர் தூய்மையின் பாடத்திலிருந்து தொடங்கி வரி வரியாகக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். அச்சுப் பிரதியின் பக்க எண்ணையும் முறையாகக் குறித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் "பக்கம் 112-ஐப் பாருங்கள்" என்று உஸ்தாத் சொல்லும்போது எல்லோரும் புரட்டுவார்கள். அவர் மட்டும் சும்மா இருப்பார்.

இவ்வளவும் முடிந்த கோப்பு ஒன்று கையில் இருந்தால், அதிலிருந்து இ-பப் ஆக்கலாம், டெய்சி ஒலிநூல் ஆக்கலாம், பிரெய்ல் அச்சுக்கும் அனுப்பலாம். அடித்தளம் ஒன்றே.

மார்க்க நூல்களில் கூடுதல் கவனம்

கதைப் புத்தகத்தில் ஒரு புள்ளி தவறினால் வாசகர் ஊகித்துக்கொள்வார். மார்க்கச் சட்ட நூலில் அது நடக்காது. ஜகாத் 2.5 சதவீதம் என்ற இடத்தில் தசமப் புள்ளி விழுந்துவிட்டால், கேட்பவரின் காதில் 25 சதவீதம் என்று விழும். நாற்பதில் ஒரு பங்கு என்பதை 1/40 என்று அச்சிட்டிருந்தால், சாய்கோடு மறைந்து 140 ஆகலாம். வாரிசுரிமைப் பங்குகளை அட்டவணையாகப் போட்டிருக்கும் பக்கத்தில் கட்டங்கள் சரிந்தால், மனைவியின் பங்கு மகளுக்கும் மகளின் பங்கு தாய்க்கும் போய்ச் சேரும். 'கூடும்' என்ற பத்தியும் 'கூடாது' என்ற பத்தியும் அக்கம்பக்கமாக இருந்து, வரிகள் கலந்துவிட்டால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது அரபி. நம் நூல்களில் வசனங்களும் துஆக்களும் பெரும்பாலும் படமாகவே ஒட்டப்பட்டிருக்கும். தமிழுக்கு மட்டும் அமைத்த எழுத்துணரி அரபியைக் கண்டால் புள்ளியும் கோடுமாகக் குப்பையைக் கொட்டும். எனவே வசனத்தைச் சரிபார்த்த மூலத்திலிருந்து அரபி எழுத்தாகவே எடுத்துச் சேர்க்க வேண்டும். 'இது அரபி' என்று மொழிக்குறியும் இட வேண்டும். அப்போதுதான் திரைவாசிப்பான் குரலை மாற்றி வாசிக்கும். ஸலவாத்தைக் குறிக்கும் அலங்கார முத்திரைக்குப் பதிலாக எழுத்து வேண்டும். வசன எண் சொல்லோடு ஒட்டிவிடாமல் இடைவெளி வேண்டும். இந்த வேலையை வெறும் கணினிப் பயிற்சி உள்ளவர் செய்ய முடியாது. அரபியும் தமிழும் அறிந்த ஆலிம்களும் ஆலிமாக்களும் தேவை.

பிரெய்லுக்கும் இது பொருந்தும். லூயி பிரெய்ல் 1829-இல் வெளியிட்ட ஆறு புள்ளி முறையே உலகெங்கும் அடிப்படை. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்கப்பட்டது. அரபிக்கும் பிரெய்ல் உண்டு. வலமிருந்து இடமாக எழுதும் அந்த மொழி பிரெய்லில் இடமிருந்து வலமாக வாசிக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் பார்வையற்றோருக்கென்றே இயங்கும் அந்நூர் மதரஸா, பிரெய்ல் குர்ஆனை அச்சிட்டு வழங்கி வருகிறது. ஆலிம்களும் தொழில்நுட்பமும் ஒரே மேசையில் அமர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

நம் முன்னோர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் நூல்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. கல்லச்சில் வந்த அந்தப் பிரதிகளை இன்றைய எழுத்துணரிகள் சரியாக வாசிப்பதில்லை. படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டச்சு செய்தால்தான் உண்டு.

சட்டம் தடுக்கிறதா?

"காப்புரிமை இருக்கிறதே" என்பது பதிப்பாளர்களின் முதல் தயக்கம். 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்பி) மூலம் இந்தக் கதவைத் திறந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றுவதும், அவர்களின் தனிப்பட்ட பயனுக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் பகிர்வதும் காப்புரிமை மீறல் ஆகாது. அமைப்புகள் இதைச் செய்யும்போது லாபம் பார்க்கக் கூடாது. தயாரிப்புச் செலவை மட்டும் பெறலாம். பிரதிகள் சந்தைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலக அளவிலும் இதே திசைதான். 2013 ஜூன் 27 அன்று மொராக்கோவின் மராகேஷ் நகரில் பார்வையற்றோருக்கான நூல் ஒப்பந்தம் நிறைவேறியது. 2014-இல் அதை உறுதிசெய்த முதல் நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஒரு நாட்டில் தயாரான பிரதியை இன்னொரு நாட்டுக்கு அனுப்பலாம். இலங்கையிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் தமிழ் முஸ்லிமுக்கும் இந்த வழி பயன்படக்கூடியது.

தயாரான நூல்களை எங்கே வைப்பது? 2016 ஆகஸ்ட் 24 அன்று மத்திய அரசு, டெய்சி இந்தியா அமைப்புடனும் டிசிஎஸ் நிறுவனத்துடனும் சேர்ந்து 'சுகம்யா புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கியது. அச்சுப் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகலாம். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. அலமாரி தயாராக நிற்கிறது. அதில் வைக்க நம் நூல்கள் வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

"பயான்கள்தான் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றனவே, கேட்டுக்கொள்ளலாமே?" என்பார்கள். பயான் கேட்பதும் நூல் படிப்பதும் ஒன்றல்ல. பயானில் பேசுபவர் தேர்ந்தெடுத்ததைக் கேட்கிறோம். நூலில் நமக்கு வேண்டியதைத் தேடுகிறோம், திரும்பப் படிக்கிறோம், ஒரு சொல்லின் எழுத்தைக் கூட்டிப் பார்க்கிறோம், இமாமின் கருத்தையும் அதன் ஆதாரத்தையும் ஒப்பிடுகிறோம். கேட்பவராக மட்டும் ஒருவரை நிறுத்திவிட்டால் அவர் என்றும் மாணவர்தான். ஆலிம் ஆகும் வழி அவருக்கு அடைபட்டுவிடும்.

"செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடும்" என்பது இரண்டாவது மறுப்பு. வேகம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இவ்வகை மென்பொருள்கள் படிக்க முடியாத சொல்லைக் கண்டால் நிற்பதில்லை. பொருத்தமாகத் தோன்றும் வேறொரு சொல்லை இட்டு நிரப்பிவிடுகின்றன. பழைய எழுத்துணரியின் பிழை காதுக்கு உறுத்தும். இந்தப் பிழை உறுத்தாது, சரளமாக இருக்கும். ஹதீஸ் நூலில் இது எவ்வளவு ஆபத்து என்பதை அறிந்தவர்கள் மனிதக் கண்ணின் சரிபார்ப்பைக் கைவிட மாட்டார்கள்.

ஏட்டில் இடம் கேட்ட ஸஹாபி

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை 'அபஸ' அத்தியாயத்தின் வழியாக நாம் அனைவரும் அறிவோம். அவர்கள் தொடர்பாக இன்னொரு செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அறப்போரில் பங்கேற்பவர்களையும் பின்தங்கியவர்களையும் ஒப்பிடும் 4:95 வசனம் அருளப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை எழுத அழைத்தார்கள். அங்கிருந்த இப்னு உம்மி மக்தூம் (ரலி), பார்வையற்ற தம் நிலையை எடுத்துரைத்தார்கள். அப்போது இயலாதவர்களுக்கு விலக்களிக்கும் சொற்கள் அருளப்பட்டு, அந்த வசனத்துக்குள்ளேயே இடம்பெற்றன. ஒரு பார்வையற்றவர் எழுப்பிய குறை ஏட்டின் ஓரத்துக் குறிப்பாக ஒதுக்கப்படவில்லை. மூலத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது.

அந்தப் பாரம்பரியம் தொடர்ந்தது. கிராஅத் கலையின் இமாம் ஷாத்திபி (ரஹ்) பார்வையற்றவர். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் ஆமிதி என்ற பார்வையற்ற அறிஞர், தம் நூல்களின் விலையைத் தெரிந்துகொள்ள, காகிதத்தை முறுக்கி எழுத்து வடிவாக்கி அட்டையில் ஒட்டி, விரலால் தடவி அறிந்தார் என்று வரலாற்றாசிரியர் ஸஃபதி எழுதுகிறார். பிரெய்லுக்கு 500 ஆண்டுகள் முந்திய செய்தி இது.

இனி செய்ய வேண்டியவை

முதலாவது, பதிப்பகங்கள். இனி வரும் ஒவ்வொரு நூலையும் யூனிகோடில் அச்சுக்கோக்கும்படி டிடிபி செய்பவரிடம் கேளுங்கள். அச்சுக்கு அனுப்பும் நாளிலேயே எழுத்துக் கோப்பு ஒன்றை, பார்வையற்றோருக்காக உழைக்கும் அமைப்பிடம் ஒப்படைக்கலாம். அச்சான பிறகு ஸ்கேன் செய்து, எழுத்துணரி கொண்டு பிரித்து, பிழை திருத்தும் அத்தனை உழைப்பும் இந்த ஒரு செயலால் மிச்சமாகும்.

இரண்டாவது, ஜமாஅத்துகள். பிறை அறிவிப்பு, ஜனாஸா அறிவிப்பு, கல்வி உதவித்தொகை அறிவிப்பு எல்லாம் லெட்டர்பேடின் படமாகவே குழுக்களில் வருகின்றன. படத்தின் கீழ் அதே செய்தியை எழுத்தாகவும் போட இரண்டு நிமிடம் போதும். நாளை நோன்பா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒருவர் பக்கத்து வீட்டாரை எழுப்ப வேண்டியிருக்காது. போட்டித் தேர்வுப் பயிற்சி தரும் அறக்கட்டளைகள் தங்கள் குறிப்புகளையும் இவ்வாறே தரலாம்.

மூன்றாவது, தன்னார்வலர்கள். தமிழ் விக்கிமூலத்தில், தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் 2,000-க்கும் மேற்பட்டவை எழுத்துணரி மூலம் மாற்றப்பட்டு, தன்னார்வலர்களால் பக்கம் பக்கமாகத் திருத்தப்பட்டு வருகின்றன. நம் கல்லூரி மாணவ மாணவியருக்கும் வீட்டில் இருக்கும் பட்டதாரிப் பெண்களுக்கும் இது ஏற்ற பணி. கணக்கு எளிது. 200 பக்க நூல், பத்துப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பக்கம் என்றால் இருபது நாளில் முதல் திருத்தம் முடியும். இன்னொரு இருபது நாளில் இரண்டாம் திருத்தம். தலைப்பு, அடிக்குறிப்பு வேலைக்கும் அவ்வளவே வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்தில் ஒரு நூல். ஒரு ரமளானிலிருந்து அடுத்த ரமளானுக்குள் ஆறு நூல்கள். ஆறு மஹல்லாக்கள் சேர்ந்தால் முப்பத்தாறு.

நான்காவது, இதில் பார்வையற்றவர்களே முன்னணியில் இருக்க வேண்டும். எந்த நூல் முதலில் வேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். இறுதிச் சரிபார்ப்பைத் திரைவாசிப்பானில் படித்துப் பார்த்து அவர்கள் செய்யட்டும். அந்த வேலைக்கு நன்கொடை நிதியிலிருந்து முறையான ஊதியம் கொடுங்கள். பட்டம் பெற்றும் வேலையின்றி இருக்கும் பார்வையற்ற இளைஞருக்கு அது உதவித்தொகை அல்ல, உழைப்பின் கூலி.

கரையான்சாவடி, பூந்தமல்லி வட்டார ஜமாஅத்துகளுக்கு இதில் ஒரு கூடுதல் வாய்ப்பு. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பள்ளியும் மண்டல மையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. பொறுப்பாளர்கள் ஒருமுறை நேரில் சென்று, "உங்கள் மாணவர்களுக்கு எங்கள் நூல்களில் எவை வேண்டும்? எந்த வடிவில் தந்தால் படிப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு வரலாம். தொடங்க அது போதும்.

பயனுள்ள கல்வி, மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் என்பதை நாம் அறிவோம். நூலை அச்சிட்டு வக்ஃப் செய்பவர்கள் நம்மில் ஏராளம். அதே நூலை எல்லோரும் படிக்கும்படி ஆக்கித் தருபவர்களும் நம்மிடையே பெருக வேண்டும். அதற்கான மனத்தையும் ஆற்றலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.